நாலாவது கையெழுத்து

"என் பொண்ணு என் கையெழுத்தைத் திருடிட்டா, சாமி."

வேலாயுதம் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"முதல்ல செருப்பைக் கழட்டுங்கய்யா. அப்புறம் திருட்டைப் பேசுவோம்."

மடத்துச் சாமிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. வேலாயுதத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வியாழக்கிழமைதோறும் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் வேலாயுதத்துக்கு மனசு அடங்கும்.

இன்றைக்கு அடங்கவில்லை.

"ரேங்க் கார்டு, சாமி. ஒன்பதாவது படிக்கிறா. அரையாண்டுல கணக்குக்கு நாற்பத்தொண்ணு. என்கிட்ட காட்டாம அவளே என் பேரைப் போட்டுக் குடுத்திருக்கா. ஹெட்மிஸ்ட்ரஸ் சந்தேகப்பட்டு அட்டையை என் கையில குடுத்துட்டாங்க. நாளைக்குப் போய் என் கையெழுத்து இல்லேன்னு சொன்னா, ஆதிரைக்கு டி.சி.தான்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையைத்தான். பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆதிரை என்ன சொல்றா?"

"மூணு நாளா வாயே திறக்கலை. தட்டுல சோறு காயுது. பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கா."

சாமி கையை நீட்டினார்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரல் மூன்று இடங்களில் நின்றது. நாலாவது இடத்தைத் தாண்டிப் போய், மறுபடி தேடி வந்தது.

"இந்த மூணும் நீங்க. பின்னாடி வரைக்கும் புடைச்சிருக்கு."

"குடோன்ல ரசீது போட்டுப் பழகின கை, சாமி. அழுத்திப் போட்டாதான் அடியில இருக்கிற மூணு பிரதிக்கும் இறங்கும்."

"அங்க மூணு. வீட்ல?"

"ஒரே பொண்ணு."

சாமி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்துக்குப் பக்கத்துல என்னமோ எழுதுவீங்கன்னு முன்னாடி ஒரு தடவை சொன்னீங்களே?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை. அப்பா கவனிக்கிறார்னு தெரியணும்ல."

"படிங்க."

"அது கிடக்கட்டும், சாமி."

"எனக்குக் கண்ணில்லை. வாய்விட்டுப் படிங்கய்யா."

வேலாயுதம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"போதாது."

"எத்தனை மார்க்குக்கு?"

"எண்பத்தெட்டு."

"அடுத்தது?"

"போதாது. இது எழுபத்தொண்ணு."

"அடுத்தது?"

"அறுபது." குரல் இறங்கிவிட்டது. "அதுவும் போதாது."

"நாலாவது?"

வேலாயுதம் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அச்சு அசலாக அவர் கையேதான். அதே சாய்வு, அடியில் இழுத்துவிட்ட அதே கோடு. பேனா மட்டும் அழுத்தவில்லை. மூன்று நாளில் பத்துத் தடவையாவது அட்டையைப் பார்த்திருப்பார். கையெழுத்தைத்தான் பார்த்தார்.

பக்கத்தில் இருந்த இந்த இரண்டு வார்த்தைகளை என்றைக்காவது வாயால் சொல்லியிருக்கிறாரா? நினைவைத் துழாவினார். ஒரு நாளும் அகப்படவில்லை.

"நாலாவது என்னங்கய்யா?"

"பரவாயில்லை, கண்ணு."

சாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஹெட்மிஸ்ட்ரஸ் நாலாவது வரியில் விரலை வைத்தார். ஆதிரை அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க இப்படி எழுதுற ஆள் இல்லையே, சார். இது உங்களுதா?"

வேலாயுதம் அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"என்னுதா இருந்திருக்கணும், டீச்சர்."