மணலில் ஊன்றாத கால்

ஒரே ஒரு ஊரிலே ஓர் ஆறு இருந்ததாம். அதில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்ததாம். தார் ரோடு, பாறை, அந்த ஆற்று மணல் என்று போகிற சைக்கிள் பந்தயத்தில் முதல் தடவையாக நானும் சேர்ந்தேன். எங்கள் சைக்கிள் கிளப் தலைவர் சௌந்தரபாண்டியனும் ஓட்டினார்.

"மணல்ல கால் ஊன்றுறவன் எல்லார் சைக்கிளையும் கழுவணும்" என்றார், என்னைப் பார்த்தே.

மணலில் இறங்கியதுமே கவிழ்ந்தேன். நான் மல்லாந்து கிடக்க, என்மேல் சைக்கிள் கிடந்தது. தலைவர் ஓடிவந்தார்.

"தம்பி, வாளியை எடு!"

"கால் ரெண்டும் மேலதாண்ணே இருக்கு. முதுகைத்தான் ஊன்றினேன்."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆமா, இதைச் சொல்ல நீங்க எதுலண்ணே வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் சைக்கிள் தூரத்தில் கிடந்தது. அங்கிருந்து என் தலைமாடு வரை அவருடைய பூட்ஸ் தடம்.

நான் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் கால் பட்டுவிடுமே. அவர்தான் வாளி தேடி நடந்து போனார்.