எதிரி வீட்டுப் புளிக்குழம்பு

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை இளவெயினன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த வாக்கை மத்தியானம் மறந்துவிடுவான். கோபத்தை மட்டும் மறக்கவே மாட்டான். எல்லையில் இருந்த ஏரிக்காக அவனுக்கும் குருந்தநாட்டு ராஜா நெடுங்கோவுக்கும் தீராத சண்டை. எத்தனையோ தடவை சமாதானம் பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வந்து கெடுத்தது.

இந்தத் தடவை தூது போய்வந்த மந்திரி அறவாழி, "ஏரித் தண்ணீரைப் பாதிப்பாதி பகிர அவர் சம்மதிக்கிறார், மகாராஜா" என்றார்.

"அவனை எப்படி ஐயா நம்புவது?" என்று ராஜா சீறினான். "படை போருக்குத் தயார். புறப்படுமுன் நடக்கும் விருந்து முடிவதற்குள் நீர் அத்தாட்சி காட்டும். இல்லையென்றால் உம் தலை போகும்!"

தளபதி வல்லத்தரையனுக்கு வாயெல்லாம் பல். மந்திரி ஒழிந்தால் அந்த ஆசனம் அவனுக்குத்தானே!

போருக்குப் புறப்படுமுன் ராஜாவும் படையும் ஒரே பந்தியில் சாப்பிடுவது அந்த நாட்டு வழக்கம். அன்றைய புளிக்குழம்பு அபாரம். தளபதி மறுபடி மறுபடி சோறு வாங்கினான். ராஜா விரலை நக்கிக்கொண்டே, "எங்கே ஐயா அத்தாட்சி?" என்று கேட்டான்.

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களே, மகாராஜா! இன்று சமைத்தது நெடுங்கோவின் அரண்மனைச் சமையல்காரர்."

ராஜாவின் கையிலிருந்த கவளம் பொத்தென்று இலையில் விழுந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சாப்பிட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தளபதி தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு, "விஷம்! துரோகி!" என்று அலறினான்.

"நானும்தான் சாப்பிட்டேன்" என்றார் மந்திரி. "நம் மொத்தப் படையின் உயிரும் அவர் ஆள் கரண்டியில் இருந்தது. 'வயிறாரப் போட்டுவிட்டு வா' என்று மட்டும்தான் சொல்லி அனுப்பினார். நாளை நம் சமையல்காரர் கையால் சாப்பிட அங்கே அவர் காத்திருக்கிறார்."

தளபதி மெல்ல ராஜாவின் காதருகே குனிந்தான். "நல்ல சமயம், மகாராஜா! நாளைக்கு அங்கே நாம் விஷம் வைத்துவிடலாம்."

ராஜா பதறி எழுந்தான். "அடப்பாவி! என் உயிர் கையில் கிடைத்தும் எதிரி தொடவில்லை. அவன் போட்ட சோறு செரிக்குமுன்னே நீ இப்படிப் பேசுகிறாயே! உன்னையா இத்தனை காலம் என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன்?"

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். தளபதியின் தலையை வாங்க வாளை உருவினான்.

"பொறுங்கள், மகாராஜா" என்று மந்திரி தடுத்தார். "இவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்."

அதன்பின் வருஷாவருஷம் ஏரிக்கரையில் இரு நாட்டுக்கும் விருந்து. சமையல்காரர்கள் இடம் மாறிச் சமைப்பார்கள். இரண்டு பந்தியிலும் முதல் கவளம் வல்லத்தரையனுக்கு. விஷம் வைக்கச் சொன்ன அந்த மனிதன், விடிந்ததும் அடுப்படியில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டியையும் கண் இமைக்காமல் காவல் காத்தான்.