நான்காவது வால்வு

தங்கப்பழத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ரெஜினாவுக்கு முப்பது. ஆனாலும் அவர் வாயில் "டீச்சர்" தவிர வேறு வராது. வெல்டிங் வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

அன்று காலை குழந்தைகள் வார்டில் சுவாசக் கருவி மறுபடி நின்றது. பத்து நாளில் மூன்றாவது தடவை. குறைமாதக் குழந்தைக்கு நர்ஸ் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறு கருவி வர இரண்டு மணி நேரமாகும்.

கீழே பழுதறையில் தங்கப்பழம் கருவியைப் பிரித்துப் போட்டிருந்தார். வாயுவை அளந்துவிடும் வால்வு சுண்டுவிரல் நுனியளவுதான். மூன்றாவதையும் கழற்றி எறிந்துவிட்டு நான்காவதன் உறையைக் கிழித்தார்.

ரெஜினா உள்ளே வந்தாள்.

"வால்வு மறுபடி சிக்கிக்கிச்சு டீச்சர். கம்பெனி மாலே சரியில்ல. இதை மாட்டிடட்டுமா?"

"பொறுங்க அண்ணாச்சி."

"பொறுக்க நேரமில்ல டீச்சர்! மேலே பிள்ளை..."

 அவள் ஒரு கறுப்புத் துணியை எடுத்து, வால்வு இருந்த இடத்தில் குழாயின் வாயில் பிடித்தாள்.

"காத்தைத் திறங்க."

சீறி அடங்கியது. துணியில் வெள்ளையாக ஓர் இழை. பக்கத்தில் இன்னொன்று.

தங்கப்பழம் நகத்தால் தொட்டார். மெத்தென்று இழுபட்டது. டெஃப்லான் டேப். வாயு கசியக் கூடாதென்று குழாய் மரையில் அவரே சுற்றியது. ஒவ்வொரு தடவையும், போன முறை நின்ற பயத்தில், இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தார். அது பிய்ந்து உள்ளே போய் வால்வில் சிக்கியிருக்கிறது.



"எப்படித் தெரிஞ்சுது டீச்சர்?"

"மூணு வால்வும் வேற வேற. மாட்டின கை ஒண்ணுதானே."

மரையைச் சுரண்டித் துடைத்தார்கள். குழாயை ஊதினார்கள். மறுபடி துணியைப் பிடித்தபோது அதில் எதுவும் விழவில்லை. ரெஜினா ஸ்பானரை நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நீட்டியது நீட்டியபடியே நின்றாள். கடைசியில் அவர்தான் வாங்கினார். மரையின் முதல் இரண்டு வரியை விட்டுவிட்டு, டேப்பை அளவாகச் சுற்றி மாட்டினார்.

ஒரு மணி நேரம் சோதித்தார்கள். அளவு அசையவில்லை. கருவி வார்டுக்குப் போனது. குழந்தையின் நெஞ்சு சீராக ஏறி இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் தங்கப்பழம் கேட்டார்.

"தப்புப் பண்ணின கைன்னு தெரிஞ்சும் எதுக்கு டீச்சர் என்கிட்ட குடுத்தீங்க?"

"டேப்பு எந்த இடத்துல பிய்யும்னு இந்த ஆஸ்பத்திரியில வேற எந்தக் கைக்குத் தெரியும், அண்ணாச்சி?"