சந்தனக்காடு யாருக்கு?

வெண்குன்ற நாட்டு அரசர் இளவழுதிக்கு வயது ஏழு. யார் எதைக் கேட்டாலும், மறுத்தால் மனம் நோகுமே என்று தலையாட்டிவிடுவார். அதை வைத்தே அமைச்சர் மேழியாரும் தளபதி கூற்றனும் நாட்டைப் பாதிப் பாதியாக விழுங்கிவிட்டார்கள். மிச்சமிருந்தது சந்தனக்காடு ஒன்றுதான்.

ஒருநாள் சபையில், "காட்டை அரசர் எனக்கே தந்தார்" என்றார் அமைச்சர். "எனக்குத்தான் தந்தார்" என்றார் தளபதி. இருவருக்கும் அவர் தலையாட்டியிருந்தது உண்மை. சாட்சி வேண்டுமென்று, அரியணைக்குப் பின்னால் சாமரம் வீசும் வெள்ளைச்சியை இழுத்து முன்னால் நிறுத்தினார்கள்.

"பொய் சொன்னால் தலை போகும்" என்றார் தளபதி.

"உண்மையையும் பார்த்துச் சொல்" என்றார் அமைச்சர்.

யார் பேரைச் சொன்னாலும் மற்றவர் விடமாட்டார். வெள்ளைச்சி கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"இரண்டு பேருக்கும்தான் தந்தார். கூடவே ஒன்று சொன்னார், பெரியவர்கள் மறந்துவிட்டீர்கள். காட்டை வாங்கியவர் அரண்மனையை விட்டு அங்கேயே போய்க் குடியிருக்க வேண்டுமாம், நாளையிலிருந்தே." அரசர் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானே, சாமி?"

அரசர் தலையாட்டினார். சபையே பார்த்தது. அந்தத் தலையாட்டல் செல்லாது என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னால், அதுவரை விழுங்கியதும் செல்லாமல் போய்விடும்.

மறுநாள் காலை இரண்டு வண்டிகள் காட்டுக்குப் புறப்பட்டன. மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அரசர் கவலையோடு கேட்டார்:

"வெள்ளைச்சி, அந்தக் காட்டில் புலி இருக்கிறதா?"

"நிறைய இருக்கிறது, சாமி."

"பாவம், அதுகளுக்கு ஒன்றும் ஆகாதே?"