கொக்கு நம்பிய குமிழி

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்தக் கதையில் வருகிறவர்களுக்கும் தெம்பில்லை.

கோடையில் பாதிக்கு மேல் வற்றிப்போன ஒரு குளம். மிஞ்சிய தண்ணீரில் ஒரு தாய் விரால் தன் குஞ்சுகளைப் பாசிக்குள் மறைத்துக் காத்துக்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு கொக்கு. குஞ்சுகளில் பாதி அதன் வயிற்றுக்குள் போய்விட்டது.

விரால் எங்கே போய் ஒளிந்தாலும் கொக்கு அங்கே வந்து நின்றது. இடம் மாற்றி மாற்றித் தாய்க்குத் துடுப்பு ஓய்ந்துவிட்டது.

"அம்மா, மறுபடியும் வேற இடமா?" என்று குஞ்சுகள் சிணுங்கின.

"என்னாலயும் முடியல, கண்ணுங்களா!"

ஒரு மத்தியானம் கிளையில் இருந்த மீன்கொத்தி கேட்டது: "பாசிக்குள்ள இருக்கிறதை எப்படி மாமா கண்டுபிடிக்கிறீங்க?"

கொக்கு கொட்டாவி விட்டது. "குமிழியைப் பார்ப்பேன்டா மாப்ளே! பெரிய குமிழி தட்டையா, தள்ளாடித் தள்ளாடி மேலே வரும். அது சேத்துக் காத்து. சின்னக் குமிழி மணி மாதிரி உருண்டையா, நேரே வரும். அது விரால் மூச்சு. அங்கே போய்க் கொத்துவேன்!"

"தப்பிப் போகாதா?"

"எனக்கா? எத்தனை கோடை பார்த்தவன் நான்!"

விரால் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விடாமல் இருக்க முடியுமா? முடியாது. இனி ஓடவும் முடியாது. கிடந்தபடியே யோசித்தது.

அது சேற்றிலேயே பிறந்து வளர்ந்தது. சேற்றிலிருந்தும் பொடிக் குமிழி வரும். அதுவும் உருண்டைதான், அதுவும் நேரேதான் போகும். பெருத்தால்தான் தட்டையாகும், தள்ளாடும். யார் விட்ட குமிழியானாலும் அப்படித்தான்!

பக்கத்தில் ஒரு தாமரை இலை தண்ணீருக்குள் அமிழ்ந்து, குடை போலக் குழிந்து கிடந்தது. குஞ்சுகளை அதன் அடியில் கூட்டிப்போய், மூச்சை அங்கேயே விட்டது விரால். பொடிக் குமிழிகள் இலைக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தன. கடைசியில் ஓரம் வழியாக ஒரே குமிழியாய் நழுவி, கள் குடித்தவன் நடையில் தட்டையாய் மேலே போயிற்று.

"ச்சே, சேத்துக் காத்து!" கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குஞ்சுகளை இலையடியிலேயே விட்டுவிட்டு, விரால் மெல்ல எதிர்க்கரைக்கு நீந்தியது. அங்கே கால் வைத்தால் அடி தெரியாத சேறு. வாலால் லேசாகக் கிளறிவிட்டு விலகிக்கொண்டது. பொடிப் பொடியாய் உருண்டைக் குமிழிகள் நேரே எழுந்தன.

"அகப்பட்டாள்!" கொக்கு பறந்துபோய் இறங்கிக் கொத்தியது. வாய் நிறையச் சேறு! காலை எடுக்கப் பார்த்தது. இன்னும் உள்ளே போயிற்று.

"மாமா, என்ன மாட்டுச்சு?"

"என் காலுதான்டா மாட்டுச்சு!"

சிறகடித்துச் சிறகடித்து, பொழுது சாயும்போதுதான் கொக்கு விடுபட்டது. "இந்தக் குளத்துக் குமிழியே சரியில்லை" என்று அலுத்துக்கொண்டு வேறு குளம் தேடிப் போய்விட்டது.

"கொக்கு போயிடுச்சா அம்மா?"

"போயிட்டான்."

ஒரே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாம் தெரிந்துவிட்டதென்று நினைப்பவன் ஏமாந்துதான் போவான் என்று குஞ்சுகளிடம் முனகிவிட்டு, அந்த விரால் அவற்றின் நடுவில் படுத்து, இமையில்லாத கண்கள் திறந்தபடியே தூங்கிப்போனது.