பூவாயியின் தலையாட்டல்

இந்தக் கதையைக் காதால் மட்டும் கேட்டால் போதாது. இதில் கைகளும் பேசும். அவற்றையும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

பூவாயிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்துக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. லோடு ஆட்டோ ஓட்டிய கணவன் சின்னராசு போன ஆடியில் இறந்துவிட்டான். அவன் கட்டிய இரண்டு அறை வீட்டில் அவளும் கைக்குழந்தையும்தான். அந்த வீட்டை எழுதி வாங்கிக்கொள்ள, கணவனின் அண்ணன் மாதேசன் அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். "இந்தப் பெண் விஷயம் புரிந்துதான் சம்மதிக்கிறாள் என்று ஒரு வக்கீல் எழுதித் தரட்டும்" என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி அறை ஒன்று இருந்தது. அங்கே வக்கீலம்மா மெஹருன்னிசா. வக்கீல் இலவசம்தான். ஆனால் பூவாயி சொல்வதை வக்கீலுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே? போன வாரம் ஒரு சைகை ஆசிரியரை வரவழைத்துப் பார்த்தார்கள். அவர் பள்ளியில் சொல்லித்தரும் சைகையில் கேட்டார். பூவாயி திருதிருவென்று விழித்தாள். அவளுடைய சைகை வீட்டுக்குள்ளேயே உண்டான சைகை. அது முழுசாகத் தெரிந்தவள் நாத்தனார் தனக்கொடி மட்டும்தான். கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில் இருவரும் ஒரே அடுப்படியில் நின்றவர்கள். ஆனால் தனக்கொடி இப்போது புருஷனை விட்டு வந்து, மாதேசன் வீட்டில் சோறு தின்பவள்.

இன்றைக்கு அவள்தான் பூவாயியின் வாய்.

மேசைமேல் மை டப்பா திறந்தே இருந்தது. பூவாயி அதையே பார்த்தாள். கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"முதல்ல இவங்க சைகையை எனக்குக் கொஞ்சம் காட்டும்மா," என்றார் வக்கீலம்மா.

தனக்கொடி உள்ளங்கைகளைக் கூரைபோல் சேர்த்தாள். "இது வீடுங்க." ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் கைகளை வளைத்தாள். "இது எங்க சின்னண்ணன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதேசன் சிரித்தான். "செத்தவனை இன்னும் வண்டி ஓட்ட விடுறா பாருங்க. எனக்கு இதுதான்," என்று மீசையை முறுக்கிக் காட்டினான். "மீசை இல்லாம என்னைச் சொல்லவே தெரியாது அவளுக்கு. சட்டுனு கேளுங்கம்மா, பத்திர ஆபீசை மூடிருவாங்க."

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். "வீட்டை மாதேசனுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதமா? இதை அப்படியே கேளும்மா."

தனக்கொடி அண்ணனைப் பார்த்தாள். பிறகு பூவாயிக்கு முன்னால் கூரை வைத்தாள். ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். பூவாயியின் நெஞ்சைத் தொட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

பூவாயி ஆமென்று தலையாட்டினாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. கண் நிறைந்துவிட்டது.

"அண்ணி சம்மதம்னு சொல்லுதுங்க," என்றாள் தனக்கொடி, தரையைப் பார்த்துக்கொண்டே.

"அதான் அவளே ஆட்டிட்டாளே! எழுதுங்கம்மா." மாதேசன் மை டப்பாவைப் பூவாயி பக்கம் நகர்த்தினான்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கேட்டவர்களே, பூவாயி தலையாட்டியது நிஜம். அதில் பொய்யில்லை. பிறகு ஏன் வக்கீலம்மா எழுத மறுத்தார்? அந்தத் தலையாட்டல் எந்தக் கேள்விக்கு?

விடை: கேள்வியில் மீசையைக் காணோம். கூரை, ஸ்டீயரிங், நெஞ்சு. "இது உன் புருஷன் உனக்கு விட்டுப்போன வீடுதானே?" என்றுதான் தனக்கொடி கேட்டிருந்தாள். மற்றதைக் கேட்க அவளுக்குக் கை வரவில்லை. வக்கீலம்மா தாமே கூரை வைத்தார், இல்லாத மீசையை முறுக்கினார், மறுபடி கூரை வைத்து அதை மாதேசன் பக்கம் நகர்த்தினார். பூவாயி பாய்ந்து அந்தக் கூரையைப் பிடித்துத் தன் மார்போடு இழுத்துக்கொண்டாள். "இனி என் வாசப்படி மிதிக்காத!" என்று தங்கையிடம் கத்திவிட்டு மாதேசன் வெளியே போனான். தனக்கொடி எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள். அவன் கத்தியது பூவாயிக்குக் கேட்கவில்லை, ஆனால் புரிந்தது. அவள் கூரை வைத்தாள். பிறகு தனக்கொடியின் நெஞ்சைத் தொட்டாள்.