முதுகுக்குப் பின்னால் ரோம்

தென்காசி மரக்கடை சொக்கலிங்கம் குடும்பத்தோடு ரோம் நகரத்துக்குப் போனார். போன இடத்தில் அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் போய் விறைப்பாக நிற்பார். மருமகள் வடிவு போட்டோ எடுத்ததும், "ம், நடங்க" என்று கிளம்பிவிடுவார்.

மூன்றாம் நாள், கொலோசியம் என்ற பழைய அரங்கத்தின் வாசலில் வடிவின் மாமியாருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வலியில் கண் கலங்கி நின்றாள்.

போட்டோ எடுத்து முடித்த வடிவு சொன்னாள். "மாமா, அத்தையால முடியல. கொஞ்சம் உட்காரலாம்."

"உட்காரவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அவர். "இந்த ஊர்ல நான் பார்க்காத ஒண்ணு இருந்தா காட்டு, சாயங்காலம் வரைக்கும் உட்காரலாம். இல்லேன்னா நாளையிலேருந்து நீ ரூம்லயே இரு."



"சரி மாமா. திரும்பாம சொல்லுங்க. உங்களுக்குப் பின்னால இருக்கிற கொலோசியம் எந்தப் பக்கம் இடிஞ்சிருக்கு?"

சொக்கலிங்கத்தின் கழுத்து திரும்பப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மூணு நாளா நீங்க பார்த்ததெல்லாம் என் கையிலிருக்கிற போனைத்தான் மாமா. ஊர் பூரா உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு."

மாமியார் வலியை மறந்து சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

சொக்கலிங்கம் மெல்லத் திரும்பினார். அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு மனைவியின் அருகில் போய் உட்கார்ந்தார்.

"இவ்வளவு பெருசா இருக்கே," என்றார். "ஒருத்தரும் சொல்லலியே."